வீட்டு வேலையில் எங்கே நிதானம், எங்கே வேகம்? ஒரு முழுமையான வழிகாட்டி

காலை 7.40. குக்கரில் பருப்பு. மூன்று விசில் வந்து, அடுப்பை நிறுத்தி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு நான் பிடிக்க வேண்டிய பஸ் 8 மணிக்கு. ஆவி அடங்கும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிட்டேன். பருப்புத் தண்ணீர் மஞ்சள் நுரையாகப் பீறிட்டு அடுப்பு, சுவர், ஜன்னல் திரை, மூடாமல் வைத்திருந்த பால் என்று எல்லாவற்றின் மேலும் விழுந்தது. கையில் படவில்லை, அதுவே பெரிய புண்ணியம். துடைத்து முடிக்க 25 நிமிடம் ஆனது. சும்மா விட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆவி தானாக அடங்கியிருக்கும்.

சாயந்திரம் அத்தையிடம் சொன்னேன். அவர் குடியாத்தம் பக்கம். ஒரு கூட்டுக் குடும்பத்துக்கே சமைத்துப் பழகிய கை. திட்டவில்லை. "அடுப்புல இருக்கறதுக்கு அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கும்மா. அதை நீ கொறைக்க முடியாது. உன் கை வேலையிலதான் நேரத்தை மிச்சம் பிடிக்கணும்" என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் என் வீட்டு வேலையையே மாற்றியது. நம்மிடம் இரண்டு பழமொழிகள் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்பது ஒன்று. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது இன்னொன்று. ஒன்று பொறு என்கிறது, மற்றொன்று தள்ளிப்போடாதே என்கிறது. இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே வேலைக்குப் பொருந்தாது. எந்த வேலைக்கு எது என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் பாதி அலுப்பு குறைந்துவிடும். அதை எப்படிப் பிரிப்பது, பிரித்த பிறகு நாளை எப்படி அடுக்குவது என்பதை நான் செய்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரம் கடிகாரம் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் எழுதி வையுங்கள். பழைய நோட்டு ஒன்று போதும். வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். இவற்றுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் போடுங்கள். அதுதான் முக்கியம்: "மறுபடி செய்த நேரம்."

சிந்தியதைத் துடைத்தது, கறை போகாமல் இரண்டாம் முறை துவைத்தது, உப்பு கூடிப்போய் உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டது, சாவியைத் தேடியது, பாதி வழியில் மோட்டார் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்தது எல்லாம் இந்தக் கட்டத்தில் வர வேண்டும். இவற்றை நாம் வழக்கமாகக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "பத்து நிமிஷத்துல பாத்திரம் கழுவிட்டேன்" என்று சொல்லிக்கொள்வோம். மறுநாள் காலையில் அடி பிடித்த கறையோடு கிடக்கும் வாணலியை மறுபடி தேய்த்த எட்டு நிமிடம் யாருடைய கணக்கிலும் வராது.

என் நோட்டில் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, காலை 7 முதல் 8 வரை நான் செய்த வேலைகளுக்குத்தான் அந்த நான்காவது கட்டம் அதிகமாக நிரம்பியிருந்தது. அதே வேலையை ராத்திரி செய்தபோது கிட்டத்தட்ட காலியாக இருந்தது. கை அதே கைதான், அவசரம்தான் வேறு. உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம். அதனால்தான் முதலில் எழுதச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் வகை, பொருளின் நேரம். ஊறுவது, புளிப்பது, வேகுவது, ஆறுவது, காய்வது. இங்கே நீங்கள் எவ்வளவு ஓடினாலும் அரிசி சீக்கிரம் ஊறாது.

இரண்டாவது, கையின் நேரம். நறுக்குவது, பெருக்குவது, மடிப்பது, அடுக்குவது. வேகமாகவும் செய்யலாம், மெதுவாகவும் செய்யலாம். இது உங்கள் இஷ்டம், உங்கள் பழக்கம்.

மூன்றாவது, ஆறினால் கெடுவது. சிந்திய எண்ணெய், புதுக் கறை, ஈரத் துணி, மீந்த சாப்பாடு. இங்கே தாமதம்தான் வேலையை இரட்டிப்பாக்கும்.

இந்த மூன்றும் ஒரே பானைக்குள் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பாருங்கள். ஆரணிப் பக்கத்தில் எங்கள் ஆயா கிண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டது இது. முதலில் நொய்யைக் குழைய வேக விட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவை நடுவில் மேடாகக் கொட்டுவார். கொட்டியதும் கிண்ட மாட்டார். துடுப்பின் காம்பால் மாவு மேட்டில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி ஓட்டை போட்டுவிட்டு, தீயைக் குறைத்து, மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த ஓட்டை வழியாகக் கஞ்சி மேலே ஏறி மாவைச் சுற்றிலும் வேக வைக்கும். ஏழெட்டு நிமிடம் யாரும் தொடக்கூடாது. அவசரப்பட்டு முன்னாலேயே கிண்டினால் உள்ளே மாவு பச்சையாகக் கட்டி தட்டும், வாயில் வைத்தால் பச்சை வாசனை அடிக்கும்.

ஆனால் இறக்கிய பிறகு நிலைமை தலைகீழ். பானையைக் கீழே வைத்து, நகராமல் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து மூச்சு விடாமல் கிண்ட வேண்டும். அங்கே நிதானம் காட்டினால் களி ஆறி இறுகிவிடும், கட்டி உடையாது. பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சூட்டோடு உருண்டை பிடிக்க வேண்டும். ஒரே சமையல்தான். முதல் பாதியில் பொறுமையில்லாதவருக்கும் களி வராது, இரண்டாம் பாதியில் சோம்பேறிக்கும் வராது.

உங்கள் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வேலையின் பக்கத்திலும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். சில வேலைகளுக்குக் களியைப்போல இரண்டு எண் வரும். அது சரிதான்.

மூன்றாம் படி: பொருளின் நேரத்தை முதலில் ஓட விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாளைத் தொடங்கும்போது கை வேலை எதையும் தொடாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஊற வேண்டியதை ஊற வையுங்கள், ஆற வேண்டியதை ஆற வையுங்கள், காய வேண்டியதை வெயிலில் வையுங்கள். அது அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், நீங்கள் உங்கள் வேலையைச் செய்யலாம்.

சுத்தம் செய்யும் வேலைக்கு இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் சோப்புத்தூள் ஆராய்ச்சி செய்த ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-ல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அழுக்குப் போக நான்கு விஷயம் வேண்டும்: சோப்பு அல்லது மருந்து, சூடு, தேய்ப்பு, நேரம். இந்த நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். நாம் அவசரப்படும்போது நேரத்தைக் குறைக்கிறோம். அந்தக் கடனைத் தேய்ப்பு அடைக்கிறது, அதாவது நம் தோளும் மணிக்கட்டும்.

பாத்திரத்திலிருந்து தொடங்கலாம். சாப்பிட்டு முடித்ததும் எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் ஊற்றி விடுங்கள், அவ்வளவுதான். பால், முட்டை ஒட்டியதற்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் அது இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர். அடி பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறும்வரை விட்டுவிடுங்கள். கரண்டியால் தள்ளினாலே பெயர்ந்து வரும். கம்பி நார் தேவைப்படாது. அலுமினியப் பாத்திரத்துக்கு இந்த சோடா வேண்டாம், கறுத்துப்போகும்.

அடுத்தது வேலூரில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை: போர் தண்ணீர். குழாய், ஷவர், பாத்ரூம் டைல்ஸ் எங்கும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. அதைத் தேய்த்து எடுக்க நினைத்தால் கைதான் தேயும், குழாயின் பளபளப்பும் போகும். புளிப்புப் பட்டால் அது தானாகக் கரையும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரு பழைய துணியை வினிகரில் அல்லது எலுமிச்சைச் சாற்றில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துக் கழுவினால் போதும். ஷவர் தலையைக் கழற்றி ஒரு டப்பாவில் ஊற வைக்கலாம். மொசைக் தரையிலும் மார்பிளிலும் மட்டும் வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது. அந்தக் கல்லே சுண்ணாம்பு வகைதான், உப்போடு சேர்த்து அதையும் அரித்துவிடும்.

டாய்லெட் கழுவும் திரவமும் இப்படித்தான். ஊற்றியவுடன் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினால் பாதிப் பணம் வீண். பாட்டிலில் எத்தனை நிமிடம் விடச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நிமிடம் விடுங்கள்.

துணிக்கு வருவோம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் சோப்பைத் தேய்ப்போம். அது சுண்ணாம்போடு சேர்ந்து சாம்பல் நிறத் திரையாக வெள்ளைத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா கரைத்துவிட்டுப் பிறகு சோப்புத்தூள் போட்டால் நுரை வரும். பருத்தித் துணிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், ஆரணிப் பட்டுக்கெல்லாம் சோடா ஆகாது. அரை மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊற வைப்பது நிதானமல்ல. கலங்கிய அழுக்கு மறுபடி துணியிலேயே ஏறும், நாற்றமும் பிடிக்கும்.

மஞ்சள் கறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோப்புப் பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும். பயந்துபோய்ப் பிளீச் ஊற்றிப் புடவையையே கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோப்பின் காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். அலசிவிட்டு மொட்டை மாடியில் வெயிலில் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இருக்கிறோம். எவ்வளவோ அவதிப்படுகிறோம், இந்த ஒரு உதவியையாவது வாங்கிக்கொள்ளலாம். லேசான கறை ஒரே நாளில் மங்கும், அழுத்தமானதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

இட்லி மாவுக்கும் கடிகாரம் இல்லை, காலம்தான் உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கும். அதனால் "ராத்திரி 8 மணிக்கு அரைக்கணும்" என்று வருடம் முழுவதற்கும் ஒரே விதி வைக்காதீர்கள். வெயில் காலத்தில் தூங்கப்போகும் முன் அரைத்து, எழுந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிர் காலத்தில் சாயந்திரமே அரைத்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். உளுந்து அரைக்கும்போது தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைத்தால் அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். அந்த அரை மணி நேரமும் கிரைண்டர் முன்னால் நிற்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்த் தெளித்துவிட்டு வந்தால் போதும்.

கொண்டைக்கடலை ஊற வைக்க மறந்துவிட்டால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலைக்கு ஆகும். சின்னரின் வட்டம் சுத்தத்துக்குப் போட்டதுதான், ஆனால் இங்கும் நேரம் குறைந்த இடத்தில் சூடு ஈடு கொடுக்கிறது.

நான்காம் படி: கையை வேகப்படுத்தாதீர்கள், அசைவைக் குறையுங்கள்

கை வேலையை வேகமாகச் செய்வது என்றால் கையை விறுவிறுவென்று ஆட்டுவது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கட்டட வேலையில் கொத்தனார்கள் செங்கல் வைப்பதைக் கவனித்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவு இருந்தது. செங்கலை இடுப்பு உயரத்தில் வைத்தும், கலவையைச் சரியான பதத்தில் கொடுத்தும் அதை ஐந்துக்குள் கொண்டுவந்தார். யாரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லவில்லை, குனிவதை நிறுத்தினார். 1924-ல் அவர் இறந்த பிறகு அவர் மனைவி லில்லியன், ஒரு டஜன் பிள்ளைகளைப் பெற்றவர், இதே கண்ணோட்டத்தைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார்.

நீங்களும் பார்க்கலாம். காலை காபி போடுவதற்கு எத்தனை முறை திரும்புகிறீர்கள், எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணுங்கள். என் வீட்டில் டிகாக்ஷன் ஃபில்டர் ஒரு மூலை, காபித்தூள் மேல் அலமாரி, சர்க்கரை எதிர்ப்பக்கம், டம்ளர் தொட்டிக்கு அந்தப் பக்கம் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அடுப்புக்கு வலது பக்கம் ஒரே தட்டில் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து காபி போடும்போது நான் நகர்வதே இல்லை. தாளிக்கும் சாமான்களுக்கு அஞ்சறைப்பெட்டி என்று நம் முன்னோர் இதை எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். கடுகுக்கு ஒரு டப்பா, சீரகத்துக்கு ஒரு டப்பா என்று அதை மறுபடி பிரித்து வைத்தது நாம்தான்.

பெருக்கித் துடைப்பதில் வரிசை போதும். மேலிருந்து கீழ், உள்ளிருந்து வாசல், காய்ந்ததற்குப் பிறகுதான் ஈரம். ஃபேன் துடைப்பதைக் கடைசியில் வைத்தால் வீட்டை இரண்டு முறை பெருக்க வேண்டும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும்.

இப்போது நறுக்குவது. 1899-ல் உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் கோடு போடும் சாதாரணச் சோதனை ஒன்றைச் செய்தார். கை வேகம் கூடக் கூடக் குறி தவறுவதும் கூடியது. இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்தபோது மெதுவாகச் செய்தும் பெரிய பலன் இல்லை. மெதுவாகச் செய்யும்போது கண் பார்த்துக் கையைத் திருத்துகிறது, நிதானத்தின் பலன் அங்கேதான் இருக்கிறது. எனக்கு இது மிகவும் உறைத்தது. செல்போனில் ஒரு கண் வைத்துக்கொண்டு மெதுவாக நறுக்குவது நிதானமே அல்ல.

எங்கள் ஊர் முள்ளு கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இலவம்பாடி கத்தரிக்காய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் அதைச் சுற்றியுள்ள தொப்பியிலும் முள் இருக்கும். பையிலிருந்து அள்ளி எடுத்தால் குத்தும். காம்பைத் தொடாமல் காயின் வயிற்றுப் பகுதியை இரண்டு விரலால் பிடித்து, பலகையில் படுக்க வைத்து, முதல் வெட்டிலேயே முள் தொப்பியை எடுத்துவிட வேண்டும். முதல் ஐந்து காயை வேண்டுமென்றே மெதுவாக, இதே வரிசையில் வெட்டுங்கள். ஆறாவது காயிலிருந்து வேகம் தானாக வரும். வெட்டியதை உடனே தண்ணீரில் போட வேண்டும், கறுக்காமல் இருக்கும். பிறகு எண்ணெய்க் கத்தரிக்காய்க்குத் தீயைக் குறைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடலாம். அது மறுபடி முதல் வகை.

புது வேலை எதையும் இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குச் சட்டை மடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது "சீக்கிரம்" என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் சரியாக மடிக்கட்டும். வேகத்தைக் கேட்க அப்புறம் நேரம் இருக்கிறது.

ஐந்தாம் படி: இவற்றில் மட்டும் ஓடுங்கள்

காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் வேறு எந்த வேலையும் முக்கியமில்லை. எங்கள் தெருவில் எப்போது நிற்கும் என்று தெரியாது. அதனால் குடிக்கும் குடம் முதலில், சமையல் பாத்திரம் அடுத்து, டிரம் கடைசி. முந்தைய நாளே குடங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டால், தண்ணீர் வந்த பிறகு கழுவும் ஓட்டம் இருக்காது.

அந்த டிரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வாரத்துக்கு ஒரு முறை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடித்தால் போதும் என்று நினைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் போனாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் இருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். எனவே கொட்டுவது வேகமாக, உள்சுவரை பிரஷ் போட்டுச் சுற்றித் தேய்ப்பது நிதானமாக. மூடி போடாமல் நகராதீர்கள்.

மீந்த சோறும் குழம்பும் அடுத்தது. சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கோடை மதியத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும், ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுவில் இருக்கும் சூடு வெகுநேரம் போகாது, கெடுவது அங்கேதான் தொடங்கும்.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், உடனே. எண்ணெய் சிந்தினால் கோதுமை மாவோ உமியோ தூவி உடனே எடுத்துவிடுங்கள், யாரும் வழுக்கி விழுவதற்கு முன்னால். துவைத்து முடித்த துணி மெஷினுக்குள் கிடக்கக்கூடாது.

ஆறாம் படி: எந்த அவசரத்திலும் அவசரப்படக்கூடாத நான்கு இடம்

கேஸ் வாசனை வந்தால் முதலில் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதும் கேஸ் கசிவுக்கான அவசர எண் அது. இந்த வரிசையை வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை நடந்து காட்டிச் சொல்லி வையுங்கள். நடந்து பழகிய வரிசை பதற்றத்தில் மறக்காது.

பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. "ரெண்டையும் போட்டா சீக்கிரம் போயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

குக்கர் பற்றி முதலிலேயே சொன்னேன். உள்ளே கிட்டத்தட்ட 120 டிகிரியில் தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நேரம் இல்லையென்றால் பருப்பை 7 மணிக்கே வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஸ்டூல், ஏணி. ஈரக் கையோடு மோட்டார் சுவிட்ச். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

ஏழாம் படி: பெரிய நாளுக்கு முன்கூட்டி அடுக்குங்கள்

சாதாரண நாளில் பழகியதைப் பண்டிகை நாள் சோதித்துப் பார்க்கும். எங்கள் வீட்டில் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போய்விட்டு உறவினர்கள் எல்லோரும் மதியம் சாப்பிட வருவார்கள். முன்பெல்லாம் அன்று காலை 4 மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குவேன். மதியம் பந்தி போடும்போது நிற்கக்கூட முடியாது.

இப்போது கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் குழாய்க்கு வினிகர் துணி கட்டுவேன், ஃபேன், பரண் எல்லாம் முடித்துவிடுவேன். இரண்டு நாள் முன்னால் திரையும் விரிப்பும் ஊறித் துவைத்துக் காய்ந்துவிடும். முந்தைய நாள் மாவு, புளி, கடலை எல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி காய்கறியைக் கழுவி ஈரம் போகத் துணியில் பரப்பிவிடுவேன். நறுக்குவது மறுநாள்தான். தேங்காய் துருவலைப் பையன் எடுத்துக்கொண்டான். வீட்டுக்காரர் தண்ணீரும் இலையும். அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எது வெந்தது, எது வேகவில்லை என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவார்.

பண்டிகை நாள் காலையில் எனக்கு மீதி இருப்பது தாளிப்பும் வடை சுடுவதும்தான். இரண்டும் விறுவிறுப்பான வேலை. போன வருடம் 11 மணிக்கு எல்லாம் முடிந்து, குளித்து, வாசலில் உட்கார்ந்து பூ கட்டினேன். முதல் ஆட்டோ வந்து நின்றபோது என் கையில் பாதி கட்டிய சரம் இருந்தது.